மடியில் ஒரு தெர்மாகோல்

எஸ்தர், சாமுவேல்,

ஸ்டுடியோவைக் காலி செய்த அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு வந்து சாமான் ஏற்றிக் கொடுத்தீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிய கடை, ஒரு குட்டியானை வண்டியில் பாதிகூட நிறையவில்லை. ஒரு லைட்டு, ஒரு ஸ்டூல், வேட்டி கட்டிய மூங்கில் சட்டம், கறுப்புத் துணி, ஆறேழு தெர்மாகோல் பலகை. சாமுவேல் ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்து, "நைனா, இத்தப் போயி வண்டில ஏத்தச் சொல்றியே, குப்பைல போட்டா மாடுகூட திங்காது" என்று சிரித்தான். எஸ்தர் சிரிக்கவில்லை.

"நீ மட்டும் அடம் புடிக்காம, மத்த ஸ்டுடியோக்காரங்க மாதிரி நாலு லைட்டு வாங்கி, கேக்கறவங்களுக்குக் கேக்கற மாதிரி செஞ்சி குடுத்திருந்தா, அம்மா அந்த கேன்டீன்ல அத்தன வருஷம் நின்னிருக்க வேணாம் நைனா" என்றாள்.

நான் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். பதில் இல்லாமல் அல்ல. எனக்கு வாயைவிடக் கை கொஞ்சம் நிதானம். அதனால் எழுதுகிறேன். உங்கள் அம்மா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கேன்டீன் அடுப்பு முன்னால் நின்றது உண்மை. அதற்கு என்னிடம் பதில் கிடையாது. ஆனால் நாலு லைட்டுக்குப் பதில் இருக்கிறது. வருத்தப்பட்டு எழுதுகிற கடிதம் என்று நினைத்துப் படிக்காதீர்கள்.

பத்தாவது முடித்துவிட்டுத் திருவள்ளூருக்கு வேலைக்குப் போனேன். பெருமாள் கோயில் பக்கத்துத் தெருவில் ரங்காச்சாரி சாருடைய ஸ்டுடியோ. அவர் அண்ணன் தம்பிகள் எல்லாம் கோயில் கைங்கரியத்தில் இருந்தார்கள். இவர் ஒருத்தர்தான் கேமரா பக்கம் வந்தவர். முதல் மூன்று வருஷம் நான் செய்தது தரை துடைப்பது, படம் கழுவ ஹைப்போ உப்பு கரைப்பது, படம் காயப் போடுவது. அதை விரிவாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

சாரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவர் கத்திப் பேசி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி ஓரத்தில் துடைப்பார். அதிகக் கோபம் என்றால் அதிக நேரம் துடைப்பார். படம் எடுக்க ஆள் வந்தால், அவர்களை உட்கார வைப்பதற்கு முன்னால், முகம் வரப்போகிற உயரத்தில் தன் முஷ்டியை மடக்கி நீட்டுவார். விரல் முட்டிகளின் மேல் வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். முஷ்டியைத் திருப்புவார், லைட்டை ஒரு சாண் நகர்த்துவார், மறுபடி பார்ப்பார். மூக்கு, கன்னம், கண்குழி எல்லாம் அந்த நாலு முட்டியில் அவருக்குத் தெரிந்துவிடும். இதை அவர் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் பார்த்து எடுத்துக்கொண்டேன்.

அலுமினியக் கிண்ணம் மாட்டிய பெரிய பல்புகள் நாலு இருந்தன. சிவந்த முகமாக வந்தால் ஒன்றோ இரண்டோ போடுவார். எங்களைப் போல் கறுத்த முகமாக வந்தால் நாலையும் போடச் சொல்வார். நாலு பக்கமும் வெளிச்சம் அடித்தால் முகத்தில் மேடு பள்ளம் எதுவும் தெரியாது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். அதற்கு மேல் டச்சிங். நெகட்டிவில் முகம் இருக்கும் இடத்தில் மெல்லிய தூரிகையால் சிவப்புச் சாயம் ஏற்றினால், அச்சில் அந்த இடம் வெளுத்து வரும். அந்த வேலைக்கு என் கை நன்றாக வந்தது. "பாக்கியநாதா, உன் கை நன்னா பேசறதுடா" என்பார் சார். அதைக் கேட்பதற்காகவே நான் இன்னும் கொஞ்சம் வெளுப்பேன்.

கஸ்தூரி என்று ஒரு பெண் திருப்பாச்சூரிலிருந்து அம்மாவோடு வந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டும். நாலு லைட்டும் போட்டு சார் எடுத்தார். அவள் அம்மா என் பக்கம் வந்து, "கொஞ்சம் கலரா வர்ற மாதிரி பாத்துக்கப்பா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். பார்த்துக்கொண்டேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சாயம் வைத்தேன். படம் நிலா மாதிரி வந்தது. சார் அதைக் கண்ணாடி ஷோகேஸில் வைக்க ஒரு காப்பி போடச் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் தனியாக வந்தாள். படத்தை மேஜைமேல் வைத்தாள்.

"சார், இது யாரு?"

"ஏம்மா, நீதானே" என்றார் சார்.

"நேத்து வந்தவங்க இல்லன்ட்டாங்களே. மாப்ளயோட அக்கா போட்டோவ என் மூஞ்சிக்குப் பக்கத்துல புடிச்சிப் பாத்துச்சி. 'இந்தப் பொண்ணு உள்ள கீதுங்களா, கூப்டுங்க'ன்னு எங்க நைனாவ கேட்டுச்சி. எங்க நைனா இன்னா சொல்லும்?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "படத்துல கொறை ஒண்ணும் இல்லேம்மா. நன்னாத்தான் வந்திருக்கு."

"நல்லாத்தான் வந்துகீது. நான்தான் வரல."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்கதான உக்காந்து கைவேல செய்யறவரு? என் மூஞ்சி இன்னா கெட்டுப்போச்சின்னு அத அழிச்சீங்க?"

என் முகமும் அவள் முகமும் ஒரே நிறம், பிள்ளைகளே. அவள் படத்தை எடுத்துப் போகவில்லை. "வெச்சிக்கங்க, உங்க படம்தான" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

அவள் போன பிறகு சார் சொன்னதும் நியாயம் மாதிரித்தான் இருந்தது. "அவா கேக்கறா, நாம குடுக்கறோம். அவ அம்மாவேதான் வெளுப்பா வரட்டும்னு சொன்னா. உனக்கு என்ன வந்தது?"

"இனிமே நான் மூஞ்சில சாயம் வெக்க மாட்டேன் சார்."

"அப்படியா" என்றார். எழுந்து போய் நாலு லைட்டின் சுவிட்சையும் ஒன்று ஒன்றாக அணைத்தார். அறை இருட்டாகி, வாசல் வெளிச்சம் மட்டும் தரையில் கிடந்தது.

"இதுல உன்னோடது எது?"

"எதுவும் இல்ல சார்."

"அதோ வெளியில அடிக்கறதே, அது யாரோடதும் இல்லே. எடுத்துக்கோ."

கிண்டலாகச் சொன்னாரா, போகச் சொன்னாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் எடுத்துக்கொண்டேன்.

கஸ்தூரியைப் பிறகு நான் பார்க்கவில்லை. தேடிப் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று பல நாள் யோசித்தேன். என் மனசு ஆறுவதற்காக அந்த வீட்டு வாசலில் போய் நிற்பது இன்னொரு தப்பு என்று பட்டது. போகவில்லை.

சில வருஷம் கல்யாண ஆர்டர், வாடகைக் கேமரா என்று அலைந்துவிட்டு, கும்மிடிப்பூண்டி பஜாரில் மாடியில் ஓர் அறை பிடித்தேன். ஒரு லைட்டுதான் வாங்க முடிந்தது. அதனால்தான் ஒரு லைட்டு என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். ஆரம்பத்தில் அப்படித்தான். பிறகு வாங்க முடிந்தபோதும் நான் வாங்கவில்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கறுத்த முகத்துக்கு வெளிச்சம் நிறைய வேண்டாம். வெளிச்சம் போய் உட்கார ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். லைட்டை முகத்துக்கு நேராக வைக்காமல் ஒரு பக்கமாக, கண்ணுக்குச் சற்று மேலே வைப்பேன். அதற்கு முன்னால் மூங்கில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய மல் வேட்டி. வேட்டிக்குள் புகுந்து வரும் வெளிச்சம் விரிந்து, மெத்தென்று விழும். அது கன்ன எலும்பின்மேல் ஒரு கோடு மாதிரி உட்காரும். நெற்றியில் ஓர் இடத்தில் மினுங்கும். வெளுத்த தோலில் அந்த மினுக்கு இப்படி வராது. அது நம் தோலுக்குக் கிடைத்த வரவு.

மறுபக்கக் கன்னம் இருட்டில் போய்விடாமல் இருக்கத்தான் தெர்மாகோல். டி.வி. பெட்டிக்குள் வருகிற அதே வெள்ளைப் பலகை. கன்னத்திலிருந்து ஒரு முழம் தள்ளி நிறுத்தினால் நிழலுக்குள் முகம் தெரியும். இரண்டு முழம் தள்ளினால் நிழல் கனக்கும். கண்ணுக்குக் கீழே குழி விழுந்தவர்களுக்கு, ஷிப்டு முடித்து வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது இருக்கும், ஒரு பலகையை மடியில் படுக்க வைத்தால் போதும். கீழிருந்து வெளிச்சம் ஏறிக் குழி நிரம்பிவிடும். கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி வரும். தலைமுடி பின்னால் இருக்கும் துணியோடு கலக்காமல் பிரிய வேண்டுமானால், அட்டையில் ஒட்டிய வெள்ளித் தாள். அந்தத் தாளை முதலில் நன்றாகக் கசக்கி, பிறகு பிரித்து ஒட்ட வேண்டும். கசக்காமல் ஒட்டினால் கண்ணாடி மாதிரி ஒரே இடத்தில் குத்தும்.

கூட ஆள் வைத்துக்கொள்ள எனக்கு வசதி இல்லை. அதனால் படத்துக்கு உட்கார்கிறவரே மடியில் தெர்மாகோலைப் பிடித்துக்கொள்வார். கை வேலையில் இருந்தால் முகம் தானாகத் தளரும், அது இன்னொரு லாபம். "இன்னாண்ணா, போட்டோ எடுக்க வந்தா தட்டு ஏந்த சொல்ற?" என்று கேட்காத ஆள் இல்லை. "ஒரே பல்புதானா, கரண்டு பில்லு கட்லயா?" என்பார்கள். முகம் நிறையப் பவுடர் போட்டு வந்தால் நான் ஈரத் துண்டைக் கொடுத்துத் துடைக்கச் சொல்வேன். அதற்காகவே சண்டை போட்டுப் படியிறங்கிப் போனவர்கள் உண்டு. எதிர்க் கடையில் மூன்று லைட்டும், பிறகு கம்ப்யூட்டரில் வெளுத்துத் தருகிற வேலையும் வந்தன. கூட்டம் அங்கே போனது. எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். நான் மாற்றவில்லை.

இனி அந்தக் கம்பெனி விஷயம். சாமுவேல் காலேஜ் சேர்ந்த வருஷம். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி, பேர் வேண்டாம். வேலை செய்கிற ஆட்கள் எல்லாருக்கும் அடையாளக் கார்டு போட்டோ எடுக்க வேண்டும், அதே போட்டோ கேட்டில் முகம் பார்த்து உள்ளே விடுகிற மெஷினுக்கும் போகும் என்றார்கள். முதலில் பத்துப் பேரை மாதிரிக்கு எடுத்துக் காட்டச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டு போனேன்.

எச்.ஆர். சார் சின்ன வயசுக்காரர். கெட்ட மனுஷர் இல்லை. போனைப் பார்த்துக்கொண்டே பேசுவார், எது சொன்னாலும் "ஓகே, ஓகே" என்பார். படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"ஏன் எல்லாம் இவ்ளோ டார்க்கா இருக்கு?"

"அவங்க கலரு அதுதான் சார்."

"கம்பெனி கார்டுங்க. பளிச்னு இருக்கணும். ஒரு பட்டன் தட்டினா ஆயிடும்ல?"

"ஆயிடும் சார். நான் தட்ட மாட்டேன்."

அப்போதுதான் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "ஏன்?"

"தட்டினா அப்புறம் அது அவங்க கார்டு இல்ல சார்."

"ஓகே" என்றார். ஒரே ஒரு ஓகே. வேலை எதிர்க் கடைக்குப் போனது. வீட்டுக்கு வந்து சொன்னபோது உங்கள் அம்மா சோறு போட்டுக்கொண்டே, "ஒரு பட்டன்தானேய்யா" என்றாள். நான் சாப்பிட்டேன். அவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கேன்டீன் வேலையையும் விடவில்லை.

இரண்டு மாதம் இருக்கும். ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அஞ்சலை வந்தாள். நான் மாதிரிக்கு எடுத்த பத்துப் பேரில் ஒருத்தி. அந்தப் பக்கத்துக் கிராமம். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான் சம்பளம். கையில் சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது.

"இன்னா அஞ்சலை, ஷிப்டு இல்லயா?"

"கீதுண்ணா. இந்த வாரம் மாட்ன மிஷினு உள்ள உட மாட்டன்னுது. செவப்பு லைட்டு போட்டு கத்துது. கார்டுல கீற பொம்பளைய இட்னு வான்னு வாட்ச்மேன் கிண்டல் பண்றாரு."

எனக்குத் திருப்பாச்சூர்ப் பெண்ணின் குரல் காதில் விழுந்தது.

"இதோட ரெண்டு தபா ஆச்சி. மூணாவது தபா ஆள் தெரிலன்னு வந்துச்சின்னா திங்கக்கெழமலேர்ந்து வராதன்ட்டாரு சூப்பர்வைசரு. நீ எடுத்த படம் கீதாண்ணா?"

இருந்தது. பத்தும் இருந்தது. கார்டைக் காட்டச் சொன்னேன். அஞ்சலை அதில் இல்லை. எதிர்க் கடைக்காரன் நெற்றியைத் தேய்த்து, கன்னத்தைத் தேய்த்து, மூக்குக்கு இரண்டு பக்கமும் இருந்த நிழலை எடுத்துவிட்டிருந்தான். மைதா மாவில் கண் வைத்த மாதிரி இருந்தது. எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். நான் சொன்னேனே என்ற சந்தோஷம்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு அவளோடு போனேன். எச்.ஆர். சாரிடம் என் படத்தைப் பென் டிரைவில் கொடுத்தேன். "ஓகே, ஓகே, போட்டுப் பாக்கலாம். வரலன்னா என்னக் கேக்கக் கூடாது" என்று மெஷினில் அவள் பழைய படத்தை எடுத்துவிட்டு இதை ஏற்றச் சொன்னார். கேட்டில் கூட்டம். சூப்பர்வைசர் கையில் நோட்டோடு நின்றார். அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெஷின் முன்னால் போய் நின்றாள்.

சிவப்பு லைட்டு. கத்தல்.

வரிசையில் யாரோ, "போட்டோக்காரரே, உம்ம படமும் பணால்" என்றான். சிரித்தார்கள். எச்.ஆர். சார், "பாத்தீங்களா? போட்டோல ஒண்ணும் இல்ல. எனக்கு ஒர்க் ஆவுதே" என்று தானே போய் நின்றார். அவர் நல்ல சிவப்பு. பச்சை லைட்டு வந்தது.

சூப்பர்வைசர் நோட்டைத் திறந்தார். "மூணாயிடுச்சி அஞ்சலை."

அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். நேற்றுச் சந்தோஷப்பட்டவன் முகத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

"சார், ஒரு நிமிஷம் எழுதாதீங்க" என்றேன். மெஷின் பக்கம் போனேன். அதில் உள்ளங்கை அளவு திரை இருக்கும். நிற்கிறவர் முகம் அதில் தெரியும். அஞ்சலையை மறுபடி நிற்கச் சொல்லித் திரையைப் பார்த்தேன். சுற்றிலும் வெள்ளை வானம், நடுவில் ஒரு கறுப்பு உருவம். கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. அவள் முகம் இருக்கும் உயரத்தில் என் முஷ்டியை மடக்கி நீட்டினேன். நாலு முட்டியும் இருட்டு. காலை ஏழரை மணி வெயில் முழுவதும் அவள் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. மெஷினைக் கிழக்குப் பார்த்து மாட்டியிருந்தார்கள். மத்தியான ஷிப்டுக்குத் தொந்தரவு இருக்காது. காலை ஷிப்டுக்காரர்கள் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். சிவந்த முகத்தில் மிச்சம் இருக்கும் வெளிச்சத்தை வைத்து மெஷின் ஒப்பேற்றிவிடும். அஞ்சலை முகத்துக்கு அது போதாது.

"சார், மிஷின் மேல தப்பு சொல்லல. நீங்க அதுக்கு வெளிச்சமே காட்டல" என்றேன்.

கேட்டுக்குப் பக்கத்திலேயே பேக்கிங் கழிவு மலையாகக் குவிந்து கிடந்தது. அதிலிருந்து ஒரு பெரிய தெர்மாகோல் பலகையை உருவி, தூசி தட்டி அஞ்சலையிடம் கொடுத்தேன்.

"ஸ்டுடியோல புடிச்சியே, அதே மாதிரி புடி. மடி ஒசரம். கைய நல்லா நீட்டு. உன் நெழல் அதுல உழக் கூடாது, கொஞ்சம் எடப்பக்கம் தள்ளு. மேல சாய்ச்சிக்கோ. ஆங்."

வெயில் பலகையில் பட்டு அவள் முகத்தில் ஏறியது. முதலில் தாடை, பிறகு கன்னம், பிறகு கண். திரையில் அஞ்சலை வந்தாள். பச்சை லைட்டு எரிந்து, மெஷினுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் "தேங்க் யூ" என்றது.

"இந்தக் கேட்ல எனுக்கு ஒருத்தி தேங்க்ஸ் சொல்றது இதான் மொத தபா" என்றாள் அஞ்சலை. வரிசை முழுதும் சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு.

அவளுக்குப் பின்னால் நின்றவள், "யக்கா, அந்தப் பலகைய இப்டி குடு" என்றாள். அவளுக்குக் கார்டில் எதிர்க் கடைப் படம்தான். இருந்தும் பச்சை வந்தது. அடுத்தவளுக்கு வரவில்லை, அவள் படத்தை ரொம்பத் தேய்த்திருந்தார்கள். அவளைச் சாயங்காலம் ஸ்டுடியோவுக்கு வரச் சொன்னேன்.

எச்.ஆர். சார் தெர்மாகோலைப் பார்த்தார். "இதெல்லாம் கேட்ல வெக்கக் கூடாதுங்க. விசிட்டர்ஸ் வருவாங்க. பாக்க நல்லாவா இருக்கும்?"

"மூணாவது தபான்னு எழுதி இந்தம்மாவ ஊட்டுக்கு அனுப்புறது பாக்க நல்லா இருக்குமா சார்?"

"நீங்க யாருங்க அதச் சொல்ல? உங்களுக்கு இங்க ஆர்டர்கூட இல்ல."

"அதனாலதான் சார் சொல்ல முடியுது."

அவர் போனைப் பார்த்தார். சூப்பர்வைசர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். யாரும் யாரையும் மன்னிக்கவில்லை, யாரும் கையைக் குலுக்கவில்லை. அஞ்சலை உள்ளே போனாள். அதற்குத்தான் நான் வந்தேன்.

அன்று மாலை எச்.ஆர். சார் வெளியே போகும்போது பலகை மெஷினுக்குப் பக்கத்துக் கம்பத்தில் பேக்கிங் பட்டையால் கட்டிக் கிடந்ததாம். யார் கட்டினது என்று கேட்டாராம். அஞ்சலையைக் கிண்டல் செய்தாரே அதே வாட்ச்மேன், ஏகாம்பரம், "காத்துல வந்து ஒட்டிக்கிச்சி சார்" என்றாராம். மழைக்கு அது தாங்காது என்று பிறகு அவரே ஒரு பழைய தகரத்துக்கு வெள்ளை பெயிண்ட் அடித்து, அதே கம்பத்தில், திருப்புகிற மாதிரி கம்பி சுற்றி மாட்டிவிட்டார். கம்பெனி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுவிட்டது.

எனக்கு அந்தக் கம்பெனி ஆர்டர் கடைசிவரை வரவில்லை. பெண்கள்தான் தாங்களாக, ஷிப்டு முடித்து, இரண்டு பேர் மூன்று பேராக மாடியேறி வந்தார்கள். பவுடரைத் துடைத்தார்கள். மடியில் பலகையைப் பிடித்தார்கள். ஒருத்தி படத்தைப் பார்த்துவிட்டு, "நான் இப்டியா கீறேன்?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பரவால்லியே" என்றாள். எஸ்தர், நாலு லைட்டு இருந்திருந்தால் அந்தப் 'பரவால்லியே' எனக்குக் கிடைத்திருக்காது. அதை அம்மாவின் கேன்டீன் வருஷங்களோடு ஒரே தராசில் வை என்று நான் கேட்கவில்லை. அம்மா கொடுத்ததை நான் வாங்கிக்கொண்டேன். அதைச் சும்மா வாங்கி வீணாக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

சாமுவேல், நீ போனில் ஒரு விரல் இழுத்தால் முகத்துக்கு வேண்டிய வெளிச்சம் வருகிறது என்று காட்டினாய். நன்றாக இருக்கிறது. இழுத்துக்கொள். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்.

வண்டி ஏற்றிய அந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குப் போகவில்லை. அம்மாவிடம் நாஷ்டா வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தேர்வாய் கண்டிகை பஸ் ஏறினேன். கம்பெனிக்கு லீவு. கேட் பூட்டியிருந்தது, வாட்ச்மேன் ரூமில் யாரும் இல்லை, டீக்குப் போயிருப்பார்கள். மெஷின் கேட்டுக்கு வெளியே, அதன் சின்னத் தகரக் கூரைக்குக் கீழே விழித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கம்பத்தில் வெள்ளைத் தகரம்.

லாரித் தூசி படிந்து சாம்பல் நிறமாகியிருந்தது. தோள் துண்டை எடுத்துத் துடைத்தேன். துண்டு கறுத்து, தகரம் வெளுத்தது. தை மாதத்துச் சூரியனுக்குத் திருப்பி வைத்தது அப்படியே இருந்தது. சூரியன் வடக்கே நகர்ந்து மாதங்கள் ஆகிவிட்டன, ஒருத்தரும் திருப்பவில்லை. கம்பியைத் தளர்த்தி, இரண்டு விரற்கடை வடக்கே திருப்பினேன். மெஷின் முன்னால் முஷ்டியை நீட்டிப் பார்த்தேன். நாலு முட்டியிலும் வெளிச்சம் ஏறியிருந்தது. கம்பியை முறுக்கினேன்.

பிறகு ஒரு தடவை நானே போய் நின்றேன். சிவப்பு லைட்டு போட்டுக் கத்தியது. என்னை அதற்குத் தெரியாது. திரையில் என் முகம் இருந்தது. கறுப்பாக, ஒவ்வொரு சுருக்கமும் தெரிய, இடது கன்னத்தில் ஒரு கோடு வெளிச்சத்தோடு. அது கத்தி முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.